பயிரா, களையா? இலையின் கழுத்தைப் பார்த்தால் தெரியும்!

நேரடி விதைப்பு வயலில் களையை ஒழிக்க, முதலில் அதன் சொந்தபந்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்

புரட்டாசி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். தலைஞாயிறு, கீழையூர், வேதாரண்யம் பக்கம் நேரடி விதைப்பு செய்த எந்த வயலின் வரப்பில் நின்றாலும் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

‘‘ஏன்க்கா, இது பயிரா, புல்லா?’’

‘‘இரு தம்பி, புடுங்கிப் பாத்தாத்தான் தெரியும்.’’

‘‘புடுங்கின பிறகு பயிர்னு தெரிஞ்சா என்னக்கா பண்றது?’’

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், நாகப்பட்டினம் மாவட்டத்துச் சிறு விவசாயிகளுக்கு இது காசு சம்பந்தப்பட்ட கேள்வி. பயிரென்று நினைத்து விட்டுவைத்த புல், கார்த்திகையில் நெல்லுக்கு மேலே தலை நீட்டும். புல்லென்று நினைத்துப் பிடுங்கிய பயிரால் வயலில் வழுக்கை விழும். கடையில் கேட்டு வாங்கி அடித்த மருந்து ஒரு களையைக் கொன்று, பக்கத்தில் நிற்கும் இன்னொரு களையை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். ‘மருந்து சரியில்லை’ என்று அடுத்த மருந்து, அதற்கு அடுத்த மருந்து எனச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

பல நேரங்களில் மருந்தின் மீது குற்றமில்லை. வயலில் நிற்பது எந்தக் குடும்பத்துச் செடி என்று பார்க்காததுதான் காரணம். களை நெல்லுக்கு எவ்வளவு தூரத்துச் சொந்தமோ, அந்த அளவுக்கு அதை ஒழிப்பது சுலபம். சொந்தம் நெருங்க நெருங்க வேலை கடினமாகும். இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால், மருந்துக்கடைக்குப் போவதற்கு முன்பே பாதி முடிவு கையில் இருக்கும்.

கடைமடையில் ஏன் இத்தனை களை?

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்படுகிறது. அந்தத் தண்ணீர் காவிரியின் கிளை ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, முறை வைத்து, கடைமடைக்கு வந்து சேர நாளாகும். சில வருடங்களில் அணை திறப்பதே தள்ளிப்போகும். நாற்றங்கால் விட்டுக் காத்திருந்து நட முடியாத இடங்களில், புழுதியாக உழுது போட்ட நிலத்தில் ஆவணியிலேயே விதையைத் தெளித்துவிட்டு மழையை எதிர்பார்ப்பதுதான் வழி. ஆள் கூலியும் நடவுச் செலவும் மிச்சம் என்பதும் இதற்கு ஒரு காரணம்.

நடவு வயலில் நெல்லுக்கு இரண்டு அனுகூலங்கள் உண்டு. ஒன்று, நாற்று மூன்று நான்கு வாரம் வளர்ந்து, உயரமாகத்தான் வயலுக்குள் வருகிறது. இரண்டு, நட்டதும் தண்ணீர் கட்டுகிறோம். தண்ணீருக்கு அடியில் காற்று குறைவதால் பல களை விதைகள் முளைப்பதில்லை. நெல்லுக்கு அந்தக் கவலை இல்லை. அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் வரிசையாக உள்ளன. மேலே இலை இழுக்கும் காற்று அந்த வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் வேர் வரைக்கும் போகிறது. நெல் வேரைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக இருப்பது இதனால்தான்.

புழுதி விதைப்பில் இந்த இரண்டு அனுகூலமும் கிடையாது. நெல்லும் களையும் ஒரே மழையில், ஒரே நாளில், ஒரே உயரத்தில் முளைக்கின்றன. முதல் 40, 45 நாளுக்குள் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் வயல். இந்த நாட்களில்தான் நெல்லின் அடிக்கணுக்களில் இருக்கும் மொட்டுகள் தூர்களாக வெடிக்கின்றன. களையின் நிழல் விழுந்தால் அந்த மொட்டு உறங்கிவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் போன தூர் திரும்பாது.

முதலில் நெல்லின் உடம்பு

களையை அடையாளம் காண, நெல்லை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். இருபது நாள் பயிர் ஒன்றை வேரோடு எடுத்து, தண்ணீரில் அலசிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர் சல்லி சல்லியாக இருக்கும். நடுவில் ஓடும் ஆணிவேர் இருக்காது. தண்டு உருண்டை. நெல் வளர்ந்த பிறகு பார்த்தால் கணுவுக்குக் கணு இடைவெளி இருக்கும், இடையில் குழல் போல் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஓர் இலை. இலைகள் தண்டின் இரண்டு பக்கமும் மாறி மாறி, இரண்டே வரிசையில் நிற்கும். இலையின் கீழ்ப்பாதி தண்டைச் சுற்றிய மடல். மேல்பாதி வெளியே விரிந்த தாள். தாளில் நரம்புகள் ஒன்றுக்கொன்று சேராமல் நெடுக ஓடும்.

மடலும் தாளும் சேரும் இடம்தான் இலையின் ‘கழுத்து’. தாளை மெதுவாகத் தண்டிலிருந்து விலக்கிப் பார்த்தால், உள்பக்கத்தில் நாக்கு மாதிரி ஒரு வெள்ளைச் சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரண்டு ஓரத்திலும் காது மாதிரி வளைந்த, மயிர் முளைத்த இரண்டு சின்னக் கொக்கிகள் இருக்கும். நாக்கும் காதும் சேர்ந்து இருப்பது நெல்லின் முத்திரை. இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான்.

ஒரு பருப்பா, இரண்டு பருப்பா?

உளுந்தை ஊறவைத்துத் தோலை உரித்தால் இரண்டு பருப்பாகப் பிளக்கும். முளைக்கும்போது முதலில் இரண்டு இலை விரியும். நெல்லை உரித்தால் ஒரே அரிசி. முளைக்கும்போது ஊசி மாதிரி ஒரே குருத்து. பூக்கும் செடிகளை ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று பாடப்புத்தகம் பிரிப்பது இதை வைத்துத்தான். நெல், கரும்பு, வாழை, தென்னை, மூங்கில் முதல் வகை. உளுந்து, பருத்தி, கத்தரி, வேம்பு, புளி இரண்டாவது வகை.

இந்தப் பாகுபாடு தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும்கூடப் புல்தான். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை போன்ற சொற்களைப் புல்லினத்துக்கு உரியவை என்று அது தனியே பட்டியலிடுகிறது. இன்றைக்கும் யாரும் தென்னை ‘இலை’ என்பதில்லை, தென்னை ‘ஓலை’ என்றுதான் சொல்கிறார்கள்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. வேம்புக்குப் பட்டைக்கு அடியில் புதுத் திசு வளரும் ஒரு வளையம் உண்டு. அதனால் அது வருடா வருடம் பருக்கும், காயம் ஆறும், கொம்பு ஒடிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். தென்னைக்கு அந்த வளையம் இல்லை. வளரும் குருத்தும் உச்சியில் ஒன்றே ஒன்று. 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தபோது, கொண்டை முறிந்த தென்னை அதோடு முடிந்துபோனதற்கும், ஒடிந்த வேம்பு அடுத்த மழையில் துளிர்த்ததற்கும் காரணம் இந்த உடலமைப்புதான்.

செடிகளுக்கு உலகம் முழுவதும் ஒரே பெயர் வைக்கும் முறையும் இந்தக் கரைக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்தது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட நூலில் நெல்லுக்கு ‘ஒரைசா சட்டைவா’ என்று பெயரிட்டார். அவரிடமே படித்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்ற மருத்துவர், 1768-ல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். மிஷன் மருத்துவராக இருந்துகொண்டே இந்தப் பகுதிச் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் இருக்கும் ‘கோனிகியை’ என்ற சொல் இவரைக் குறிப்பதுதான். தினமும் தாளிப்பில் விழும் இலையில் தரங்கம்பாடிக் கதை ஒன்று ஒட்டியிருக்கிறது.

இனி வயலுக்குத் திரும்பலாம். களைகளைத் தூரத்துச் சொந்தத்திலிருந்து கிட்டத்துச் சொந்தம் வரை வரிசையாகப் பார்த்தால் கணக்கு தெளிவாகும்.

1. சொந்தமே இல்லாதது: ஆரைக்கீரை

நான்கு சிற்றிலைகள் குடை மாதிரி விரிந்து நீரில் மிதக்கும் ஆரைக்கீரையைப் பலரும் ‘அகன்ற இலைக் களை’ என்று சொல்லிவிடுவார்கள். உண்மையில் இது பூக்கும் செடியே அல்ல. பெரணி இனம். மாட்டுத் தீவனத்துக்கும் நெல் வயலுக்கும் வளர்க்கும் அசோலாவுக்கு உறவுமுறை. ஆரைக்கீரை பூப்பதில்லை, விதைப்பதில்லை. அதற்குப் பதிலாகக் கடலை விதை போன்ற கெட்டியான சின்னக் கூடுகளில் வித்துத்தூளை வைத்திருக்கும். அந்தக் கூடு காய்ந்த மண்ணில் பல வருடம் கிடந்தாலும் தண்ணீர் பட்டால் உயிர் பெறும்.

பூமிக்கு அடியில் படரும் தண்டு இதன் பலம். மேலே இலையைக் கிள்ளினால் பயனில்லை. தண்டு துண்டானால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. எனவே கொத்தாகத் தோண்டி, வயலுக்கு வெளியே கொண்டுபோய்க் காயவிட வேண்டும். வரப்பு ஓரத்திலோ வாய்க்காலிலோ வீசினால், அடுத்த பாய்ச்சலில் பக்கத்து வயலுக்குக் குடிபோகும்.

2. தூரத்துச் சொந்தம்: அகன்ற இலைச் செடிகள்

கரிசலாங்கண்ணி, நீர்மேல்நெருப்பு, நீர்க்கிராம்பு ஆகியவை இருவித்திலைத் தாவரங்கள். வலைபோலப் பின்னிய நரம்பு, கிளை விடும் தண்டு ஆகியவற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இவற்றின் வளரும் முனை வெளியே, கிளை நுனியில் இருக்கிறது. இலை அகலமாகப் படுத்திருப்பதால் தெளிக்கும் மருந்து நன்றாக விழுகிறது. நெல்லின் வளரும் முனையோ மடல்களுக்கு உள்ளே, தண்டின் அடியில் பத்திரமாக இருக்கிறது. இலையும் நிமிர்ந்து நிற்பதால் மருந்துத் துளி வழிந்து ஓடுகிறது.

2,4-டி என்ற மருந்து செடியின் வளர்ச்சி ஊக்கியைப் போலவே நடிக்கும். அகன்ற இலைச் செடி அதை உண்மையென்று நம்பி, தறிகெட்டு வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகும். நெல் அதை உடம்புக்குள்ளேயே சிதைத்துவிடும். ஆனால், நெல்லுக்கும் இதில் ஓர் எல்லை உண்டு. பயிர் சின்னதாக இருக்கும்போதும், கதிர் உருவாகும்போதும் அதனால் இந்த மருந்தைத் தாங்க முடியாது. மூன்று வாரத்துக்கு முன்பும், தூர் கட்டி முடித்துக் கதிர் உள்ளே உருவாகத் தொடங்கிய பிறகும் அடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அகன்ற இலை என்பதாலேயே எல்லாம் இருவித்திலை ஆகிவிடாது. சேற்று வயலில் இதய வடிவப் பளபள இலையும் நீலப் பூவுமாக நிற்கும் ஒரு செடி, நெல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரம். வாய்க்காலை அடைக்கும் வெங்காயத்தாமரையின் குடும்பம் அது. இலையின் அகலத்தை மட்டும் பார்க்காமல், நரம்பு நெடுக ஓடுகிறதா, வலையாகப் பின்னுகிறதா என்றும் பார்ப்பது நல்லது.

3. பங்காளி மாதிரி இருப்பது: கோரை

கோரை பார்வைக்குப் புல். ஆனால், தனிக் குடும்பம். பாய் பின்னும் கோரையும் இதே குடும்பம்தான். தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். புல் உருளும். கோரை உருளாது, மூன்று விளிம்பு விரலில் தட்டுப்படும். கோரைத் தண்டில் கணு இருக்காது. உள்ளே குழல் இல்லாமல் சோறு நிறைந்திருக்கும். இலைகள் இரண்டு வரிசையில் இல்லாமல் மூன்று வரிசையில் நிற்கும்.

வயலில் வரும் கோரைகளில் சில விதையில் முளைத்து ஒரு பருவத்தில் முடிந்துவிடும். இவற்றைக் கையால் பிடுங்கலாம், 2,4-டி-யும் கட்டுப்படுத்தும். ஆனால், மேட்டுப் பாங்கான புழுதி வயலில் வரும் கிழங்குக் கோரை அப்படியல்ல. ஒரு கிழங்கிலிருந்து இன்னொரு கிழங்குக்குச் சங்கிலி போலக் கம்பி ஓடும். மேலே பிடுங்கினால் கிழங்கு அறுந்து உள்ளேயே தங்கி, ஒரே வாரத்தில் மறுபடி முளைக்கும். இதற்குக் கோடையில் ஆழமாக உழுது, கிழங்கை வெயிலில் காயப்போடுவதுதான் பெரிய மருந்து. வாய்ப்புள்ள வயலில் தொடர்ந்து தண்ணீர் நிறுத்துவதும் அதை ஒடுக்கும்.

4. ரத்த சொந்தம்: குதிரைவாலிப் புல்

இங்கேதான் கண் ஏமாறுகிறது. குதிரைவாலிப் புல் நெல்லின் சொந்தப் புல் குடும்பம். சல்லிவேர், கணு, குழல் தண்டு, இரண்டு வரிசை இலை எல்லாம் ஒன்றுதான். கடையில் சிறுதானியம் என்று வாங்கும் குதிரைவாலி அரிசி, இந்தக் களையின் நெருங்கிய உறவுதான். நம் முன்னோர் பழக்கிப் பயிராக்கிய கிளை தட்டுக்கு வந்தது, பழக்காத கிளை வயலில் களையாக நிற்கிறது.

வேறுபாடு கழுத்தில் இருக்கிறது. தாளை விலக்கிப் பார்த்தால் குதிரைவாலிப் புல்லில் நாக்கும் இருக்காது, காதும் இருக்காது. வழுவழுவென்று வெறும் கழுத்து. இலையைத் தடவினால் நெல் சொரசொரக்கும், இது வழுக்கும். நடு நரம்பு வெள்ளையாக எடுப்பாகத் தெரியும். இளஞ்செடியை வேரோடு எடுத்தால் நெல்லின் அடியில் உமி ஒட்டிக்கொண்டிருக்கும், புல்லின் விதையோ மிகச் சின்னது.

இந்த ஏமாற்றுக்கு மனிதர்களும் ஒரு காரணம். சில நாடுகளின் நெல் வயல்களில் இந்தக் குடும்பத்துப் புல் ஒன்று, நெல்லைப் போலவே நிமிர்ந்து, நெல்லின் நிறத்திலேயே நிற்கிறது. களையெடுப்பவர்கள் வித்தியாசமாகத் தெரிந்ததைப் பிடுங்கினார்கள். நெல் மாதிரி இருந்தது தப்பியது, அதுவே விதைத்தது. நூற்றுக்கணக்கான வருடம் இப்படியே நடக்க, நெல்லின் வேடம் அதன் பிறவிக்குணமாகவே ஆகிவிட்டது. ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வவிலோவின் பெயரால் இந்த வேடத்தை அழைக்கிறார்கள்.

வேகத்திலும் அது நெல்லை முந்தும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து உணவாக்குவதில் நெல்லின் முறை வேறு, குதிரைவாலியின் முறை வேறு. சோளம், கரும்பு, மக்காச்சோளம் வேலை செய்யும் முறைதான் குதிரைவாலியினுடையது. வெயில் ஏற ஏற நெல் திணறும், அது செழிக்கும். நெல் அறுவடைக்கு முன்பே அதன் விதை முற்றி உதிர்ந்து, அடுத்த வருடத்துக்கான முதலீட்டை மண்ணில் போட்டுவிடும்.

அரிவாளால் மேலே அறுத்தால் சாகாது. மாடு மேய்ந்த புல் துளிர்ப்பது எதனாலோ அதே காரணம்தான். வளரும் முனை அடியில் இருக்கிறது. வேரோடுதான் எடுக்க வேண்டும், பூப்பதற்கு முன் எடுக்க வேண்டும்.

நெல்லுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் இதைக் கொல்லும் மருந்துகள் குறைவு. 2,4-டி இதை ஒன்றும் செய்யாது. விதை முளைக்கும் முன் மண்ணில் விழும் பெண்டிமெத்தலின் போன்ற மருந்துகள் ஓர் எளிய இடைவெளியைப் பயன்படுத்துகின்றன. களை விதை சின்னது, மண்ணின் மேல்தோலில் முளைக்கிறது. நெல் விதை பெரியது, கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது. மருந்துப் படலம் மேலே நிற்க, நெல் அடியிலிருந்து தப்பி வருகிறது. விதை மூடாமல் மேலே கிடந்தால் நெல்லும் அடிபடும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் மருந்தும் வேலை செய்யாது.

முளைத்த பிறகு என்றால் பிஸ்பைரிபேக் சோடியம், களை இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போது குதிரைவாலியைப் பிடிக்கும். கோரையிலும் அகன்ற இலையிலும் சிலவற்றைக் கட்டுப்படுத்தும். ஆனால், நூல் போன்ற மெல்லிய கதிர் விடும் இன்னொரு வயல் புல்லுக்கு இது பெரும்பாலும் பலிக்காது. அந்தப் புல்லின் கழுத்தில் நுனி கிழிந்த நாக்கு இருக்கும், காது இருக்காது. அதற்குச் சைஹாலோஃபாப் பியூட்டைல் போன்ற, புல்லை மட்டும் கொல்லும் மருந்து தேவை. இரண்டு புல்லையும் ‘புல்’ என்று ஒரே சொல்லில் கேட்டு வாங்கினால் பணம் வீண்.

5. கூடப் பிறந்தது: களைநெல்

எல்லாவற்றிலும் கொடியது இது. நாக்கு உண்டு, காது உண்டு, உமி உண்டு. ஏனென்றால் இதுவும் நெல்தான். கதிர் வரும் வரை பெரும்பாலும் அடையாளம் தெரியாது. பிறகு பார்த்தால் பயிரைவிட உயரமாக, பல நேரம் மீசையோடு நிற்கும். அறுவடைக்கு முன்பே பொலபொலவென உதிரும். உதிர்ந்த விதை ஒரே சமயத்தில் முளைக்காது, வருடக்கணக்கில் தவணை முறையில் முளைக்கும். அரிசி பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். (மாப்பிள்ளைச் சம்பா போன்ற பாரம்பர்ய ரகங்களின் அரிசியும் சிவப்புதான். அது ரகத்தின் இயல்பு, களைநெல் அல்ல.)

நெல்லைக் காத்துக் களைநெல்லை மட்டும் கொல்லும் மருந்து சாதாரண ரக வயலுக்குக் கிடையாது. ஒரே இனத்தை மருந்து எப்படிப் பிரித்தறியும்? எனவே மருந்தை நம்பாமல் நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். நீல அட்டை கட்டிய சான்று விதை வாங்க வேண்டும். முதல் மழைக்கு முளைப்பதை முளைக்கவிட்டு, உழுது அழித்த பிறகே விதைக்க வேண்டும். பயிரைவிட உயர்ந்து நிற்பதைக் கதிர் உதிரும் முன் அறுத்து எடுக்க வேண்டும். அறுவடை இயந்திரம் வேறு வயலிலிருந்து வருகிறதென்றால், உள்ளே தங்கியிருக்கும் நெல்லைச் சுத்தம் செய்த பிறகே இறக்க வேண்டும். தொல்லை அதிகமான வயலில் ஒரு வருடமாவது நாற்று நட்டுத் தண்ணீர் கட்டினால் களைநெல் நன்றாகக் குறையும்.

தெளிப்பான் ஒன்று, பயிர் இரண்டு

சொந்தபந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாததால் வரும் இன்னொரு நஷ்டம் உண்டு. நெல்லில் 2,4-டி அடித்த அதே தெளிப்பானில் மறுநாள் பருத்திக்கோ கத்தரிக்கோ பூச்சிமருந்து அடிப்பார்கள். ஒரு வாரத்தில் பருத்தி இலை குறுகி, விரல் விரலாகச் சுருங்கிப்போகும். பருத்தியும் கத்தரியும் இருவித்திலை. அதாவது, அந்த மருந்தின் கண்ணுக்கு அவையும் களைதான். பருத்திக்கு மிச்சம்மீதி ஒட்டியிருக்கும் துளியே போதும். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே நல்லது. கடற்காற்று வீசும் பிற்பகலில், பக்கத்தில் காய்கறியோ பருத்தியோ இருக்கும்போது இதை அடிக்கவே கூடாது.

வயலில் ஐந்து நிமிடச் சோதனை

விதைத்த 12 முதல் 15 நாளுக்குள், வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஓர் அடிக்கு ஓர் அடி இடத்தில் இருக்கும் செடிகளை வேரோடு எடுத்து அலசுங்கள்.

• இலை நரம்பு வலையாகப் பின்னியிருக்கிறதா? அகன்ற இலைக் களை.

• நான்கு சிற்றிலைக் குடையா? ஆரைக்கீரை.

• தண்டு விரலில் உருளாமல் மூன்று விளிம்பு தட்டுகிறதா? கோரை. அடியில் கிழங்கு உண்டா என்று தோண்டிப் பாருங்கள்.

• தண்டு உருள்கிறது, கழுத்தில் நாக்கும் காதும் இல்லையா? குதிரைவாலிப் புல்.

• நாக்கு மட்டும் இருந்து காது இல்லையா? வேறு புல்.

• நாக்கும் காதும் இருக்கிறதா? நெல். விதைத்த வரிசைக்கு வெளியே நின்றால் சந்தேகப்படுங்கள்.

எது அதிகம் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற வழியை முடிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் அந்தச் செடியையே ஈரத்துணியில் சுற்றிச் சிக்கலில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, வட்டார வேளாண் அலுவலகத்துக்கோ கொண்டுபோய்க் காட்டலாம். மருந்தின் அளவை அட்டையில் உள்ளபடியே எடுங்கள்.

கேள்வி - பதில்

கேள்வி: 2,4-டி அடித்துப் பத்து நாள் ஆகிறது. புல் அப்படியே நிற்கிறது. மருந்து போலியா?

கரிசலாங்கண்ணியும் மற்ற அகன்ற இலைச் செடிகளும் முறுக்கிக்கொண்டு காய்ந்திருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. அது புல்லைக் கொல்லும் மருந்து அல்ல. அளவைக் கூட்டி மறுபடி அடித்தால் புல் சாகாது, நெல்தான் கெடும். புல் பெரிதாகிவிட்டால் வேரோடு கைக்களை எடுப்பதே வழி.

கேள்வி: உளுந்தில் புல்லைக் கொல்ல வாங்கிய குயிசலோஃபாப் மருந்து மீதம் இருக்கிறது. நெல்லில் அடிக்கலாமா?

கூடவே கூடாது. அது அகன்ற இலைப் பயிரை விட்டுவிட்டுப் புல் குடும்பத்தைக் கொல்லும் மருந்து. உளுந்துக்குப் புல் களை. நெல்லே ஒரு புல். வயல் முழுவதும் கருகிவிடும். பக்கத்து வயலில் நெல் நிற்கும்போது உளுந்தில் இதை அடித்தாலும் காற்றின் திசையைக் கவனிக்க வேண்டும்.

கேள்வி: வயலில் வரும் ஆரைக்கீரையைச் சமைப்பது வழக்கம். களைக்கொல்லி அடித்த வயலில் பறிக்கலாமா?

வேண்டாம். களையெடுக்க வருபவர்கள் மடியில் கட்டிக்கொண்டு போவது ஆரை, கரிசலாங்கண்ணி போன்ற கீரைகளைத்தான். மருந்து அடித்த வயலென்றால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது வயல்காரரின் கடமை. மருந்து படாத வாய்க்கால் ஓரத்திலோ வீட்டுத் தொட்டியிலோ ஆரைக்கீரை தாராளமாக வளரும்.

கேள்வி: களையெடுக்க வரும் பெண்களுக்குப் புதுப் பிள்ளைகள் பலர். எப்படிப் பழக்குவது?

காலையில் வயலில் இறங்கும் முன், நெல் ஒன்றும் குதிரைவாலி ஒன்றும் வேரோடு பிடுங்கி, கழுத்தை விலக்கி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கையும் காதையும் ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் பிறகு ‘இது பயிரா, புல்லா?’ என்று பிடுங்கிப் பார்க்க வேண்டியிருக்காது. நின்ற இடத்திலேயே இலையை விலக்கிப் பார்த்தால் போதும்.